மூழ்கிய கப்பலுக்குள் ஒரு கயிறு

(எமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்துக்கு நான் வந்தால் வருமான வரிப் படிவம், கடைக்காரரின் வற் கணக்கு, பிள்ளைகளின் பெயரில் சேமிப்பு என்று ஏதாவது ஒரு கணக்கோடுதான் வருவேன். இன்றைக்கும் ஒரு கணக்குத்தான். ஆனால் இது கடலுக்கு அடியில் போடுகிற கணக்கு.

சென்ற மாதம் பிளேஸ்டோ நிலையத்தடியில் ஒரு தாய் என்னை மறித்தார். "அண்ணை, உங்களுக்கு இந்தக் கடலுக்கை சுழியோடுற விசயம் தெரியுமாம். மகன் ஏதோ றீல் வேணுமெண்டு நிக்கிறான். நூற்றெண்பது பவுண்ஸாம். பார்த்தால் கயிறு சுத்தின ஒரு சாமான். அதுக்கு இவ்வளவு காசோ? வாங்கிக் குடுக்கிறதோ விடுறதோ?" என்று கேட்டார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் சுழியோடப் பழகியிருக்கிறார். வருகிற ஓகஸ்ற் மாதம் சிநேகிதர்களோடு மட்டக்களப்புக்குப் போய், அங்கே கடலுக்குள் கிடக்கிற கப்பல்களைப் பார்க்கப் போகிறாராம்.

பஸ் வந்துவிட்டதால் அன்றைக்கு அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தத் தாய் கேட்டது காசைப் பற்றி மாத்திரம் அல்ல என்று விளங்கியது. எங்களில் பல பேர் கடலை இரவில், படகில், பயத்தோடு கடந்தவர்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உறவுகளைக் கொடுத்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை விருப்பத்தோடு கடலுக்கு அடியில் போகப்போகிறேன் என்று சொல்லும்போது, பெற்ற மனம் பதறத்தான் செய்யும். "அவன் பத்திரமாகத் திரும்பி வருவானோ?" என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. அந்தக் கேள்விக்கும் இந்த றீலுக்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது. ஆகவே ஆறுதலாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கப்பல்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி காலையில், திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து, ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயிருந்தது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட முதலாவது கப்பல் அதுதான். 1919இல் நீரில் இறக்கப்பட்டது. அன்றைக்கு அதில் சண்டை விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்துக் குண்டு போட்டன. கப்பல் சிறிது நேரத்திலேயே தாண்டுபோனது. 307 பேர் இறந்தார்கள். கூடச் சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் அழிந்தது. அதே நாளில் அந்தக் கரையோரத்தில் பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது.

இன்றைக்கு ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. பிரிட்டிஷ் சார்ஜன்ற் பாசிக்குடா, கல்குடாப் பக்கமாக ஏறக்குறைய 24 மீற்றரில் கிடக்கிறது. கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏப்ரலுக்கும் செப்ரெம்பருக்கும் இடையில். இங்கே பள்ளிக்கூட விடுமுறையும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. ஊருக்குப் போகிற பிள்ளைகள் கோயிலுக்கும் மாமி வீட்டுக்கும் போய்விட்டு, மிச்ச நாட்களில் இந்தக் கப்பல்களைத் தேடிப் போவது அதனால்தான்.

சரி, மூழ்கிய கப்பலைப் பார்க்கக் கயிறு எதற்கு?

வெளியே நின்று பார்ப்பதற்குப் பெரும்பாலும் தேவையில்லை. உள்ளே போவதென்றால் கட்டாயம் தேவை. கடலுக்குள் பல வருடம் கிடந்த கப்பலின் ஒவ்வொரு அறையிலும் மெல்லிய சேறும் துருவும் படிந்திருக்கும். சுழியோடியின் கால்துடுப்பு ஒரு தரம் பட்டால் போதும், எல்லாம் கிளம்பிவிடும். நாங்கள் விடும் காற்றுக் குமிழி மேல் தட்டில் மோதினால் அங்கிருந்தும் துரு உதிரும். அரை நிமிடத்துக்கு முன் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர், பால் விட்ட தேநீர் மாதிரி ஆகிவிடும். ரோர்ச் லைற் அடித்தால் வெளிச்சம் முகத்துக்கே திரும்பி வரும். வந்த வாசல் இரண்டு பாக தூரத்தில் இருந்தாலும் தெரியாது. அதோடு கப்பல் சரிந்து கிடந்தால் சுவர் தரையாகவும் தரை சுவராகவும் இருக்கும். எது மேல், எது கீழ் என்று மூளை குழம்பிவிடும்.

இது பயமுறுத்தச் சொல்லும் கதை அல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கில், பிளிமத்துக்குப் பக்கத்திலுள்ள விற்சாண்ட் குடாவில், ஸ்கில்லா என்ற பழைய போர்க்கப்பலை 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். மீன் குடியேறவும் சுழியோடிகள் பார்க்கவும் என்றே செய்தது. வெளியே வர வழியாகப் பக்கங்களில் துவாரங்களும் வெட்டி விட்டார்கள். அப்படி ஆயத்தம் செய்த கப்பலுக்குள்ளேயே 2021 செப்ரெம்பரில் இரண்டு சுழியோடிகள் உயிரிழந்தார்கள். காலம் போகப் போகச் சேறு படியும், தகடு இற்று விழும், திறந்திருந்த வழி மூடும். தானாக மூழ்கிய கப்பல்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இங்கே எங்கள் பழைய ஆட்களை நினைத்துப் பார்க்கிறேன். மன்னார்க் கடலில், சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்தில் முத்துக்குளித்த காலத்தில், சுழியோடி காலில் கல்லைக் கொழுவிக்கொண்டு கீழே இறங்குவான். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு இழு இழுப்பான். படகில் இருப்பவர் அவனைத் தூக்கிவிடுவார். கீழே இருப்பவனின் உயிர் மேலே கயிறு பிடிப்பவரின் கையில். ஆனபடியால் அந்தக் கயிற்றைப் பிடிக்க மனைவியின் சகோதரனைத்தான், அதாவது மச்சானைத்தான் வைப்பார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். சொந்தச் சகோதரியின் தாலியைக் காப்பாற்றுவதில் அவனுக்குத்தானே கூடிய அக்கறை! கதை எவ்வளவு உண்மையோ, அதற்குள் இருக்கிற நியாயம் பெரியது.

இன்றைய சுழியோடி முதுகில் காற்றுச் சிலிண்டரோடு போகிறான். கப்பலுக்குள் போனால் மேலே நின்று கயிறு பிடிக்க ஆள் இல்லை. வாசலில் கட்டிவிட்டுப் போகிற கயிறும், கையில் இருக்கிற றீலும்தான் மச்சான். அப்படியானால் றீலைத் தெரிவு செய்யும்போது மச்சானைத் தெரிவு செய்வது போலவே செய்யவேண்டும். கெட்டித்தனமும் பகட்டும் வேண்டாம். சொன்ன நேரத்தில் கையை விடாமல் நிற்கவேண்டும்.

இனி றீலுக்கு வருகிறேன். கடைகளில் பிரதானமாக மூன்று வகை இருக்கும்.

முதலாவது, ஸ்பூல். தையல்காரரின் நூல்கட்டையைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. நடுவில் விரல் நுழைக்க ஒரு துவாரம். கைபிடி இல்லை, சில்லு இல்லை, திருகாணி இல்லை. அவிழ்ந்து போகாமல் இருக்க இரண்டு முனையும் திறக்கிற ஒரு கிளிப்பைக் கொழுவி வைப்பார்கள். சாதாரணமாக 15, 30, 45 மீற்றர் அளவுகளில் வரும். இருபது, முப்பது பவுண்ஸோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, பல்சக்கர றீல். துப்பாக்கி விசை மாதிரி ஒன்றை அழுத்தினால் கயிறு ஓடும், விட்டால் நிற்கும். இந்த நாட்டில் இது மிகவும் பரவலானது. பெரும்பாலும், கீழேயிருந்து மிதவைப் பையை மேற்பரப்புக்கு அனுப்பப் பாவிக்கிறார்கள்.

மூன்றாவது, பெரிய வழிகாட்டி றீல். கைபிடியும், சுற்றுகிற குமிழியும், இறுக்கம் கூட்டிக் குறைக்கிற திருகாணியும் இருக்கும். 80, 100, 120 மீற்றர் என்று கயிறு கொள்ளும். குகைக்குள்ளும் பெரிய கப்பல்களுக்குள்ளும் நெடுந்தூரம் போகிறவர்களுக்கானது. அந்தப் பிள்ளை கேட்டது இதைத்தான். விலை நூறிலிருந்து இருநூறைத் தாண்டியும் போகும்.

பெரும்பாலான இளம் ஆட்கள் முதலில் பார்ப்பது கயிற்றின் நீளத்தை. நூறு மீற்றர் இருந்தால் ஐம்பதை விட நல்லது என்று நினைக்கிறார்கள். இந்த இடத்தில்தான் கணக்காளன் ஒரு தாளும் பென்சிலும் எடுக்கவேண்டும்.

பி.ஏ.டி.ஐ. போன்ற பயிற்சி அமைப்புகள் கப்பலுக்குள் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு எல்லை சொல்கின்றன. ஆழமும் உள்ளே போன தூரமும் சேர்ந்து, மேற்பரப்பிலிருந்து 40 மீற்றரைத் தாண்டக்கூடாது. அதோடு வாசலின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை விட்டும் போகக்கூடாது. பிரிட்டிஷ் சார்ஜன்ற் கிடக்கும் 24 மீற்றரை 40இல் கழியுங்கள். மிச்சம் 16 மீற்றர். அவ்வளவுதான் உள்ளே போகலாம். 30 மீற்றரில் கிடக்கிற கப்பலென்றால் 10 மீற்றர்தான்.

காற்றின் கணக்கையும் பாருங்கள். 12 லீற்றர் சிலிண்டரை 200 பார் அமுக்கத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 2400 லீற்றர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு எடுக்கிற ஒருவர், 24 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் 3.4 மடங்கு என்பதால், நிமிடத்துக்கு 68 லீற்றர் எடுப்பார். கப்பலுக்குள் போகிறவர்களின் பழைய விதி, காற்றை மூன்றாகப் பிரிப்பது. ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. ஒரு பங்கு 800 லீற்றர். அதை 68ஆல் பிரித்தால் பன்னிரண்டு நிமிடம்கூட முழுதாக வராது. கீழே இறங்கியதும், கயிற்றைக் கட்டியதும் அதற்குள்தான் அடக்கம். 50 மீற்றரிலோ அமுக்கம் ஆறு மடங்கு. நிமிடத்துக்கு 120 லீற்றர். அதே பங்கு ஏழு நிமிடத்துக்கும் போதாது.

ஆக, 16 மீற்றர் போகவேண்டியவருக்கு, கட்டுவதற்கும் வளைந்து போவதற்கும் சேர்த்துப் பார்த்தாலும் 30 மீற்றர் கயிறு தாராளம். 100 மீற்றர் றீல் அவருக்கு நன்மை செய்யாது. பாரம் கூட, திருகாணி கூட, சிக்குப்படுகிற இடமும் கூட. உள்ளே கொஞ்சம் கூடப் போய்ப் பார்ப்போமே என்று ஆசை காட்டும் வேலையையும் அது செய்யும். கடன் அட்டையில் எல்லையைக் கூட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

அடுத்தது கயிறு. றீலின் உடம்பைப் பார்க்கிறவர்கள் கயிற்றைப் பார்ப்பதில்லை. இது மீன்பிடிக்கிற தங்கூசி அல்ல. தங்கூசி மெல்லியது, வழுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கையில் வெட்டும். எங்களுக்கு வேண்டியது பின்னிய நைலோன் கயிறு. பொலிப்புறப்பிலின் கயிறு மிதக்கும். தளர்ந்தால் மேலே எழுந்து வந்து சிலிண்டரில் கொழுவும். நைலோன் தாழும். குகைக்காரர் மெல்லிய கயிற்றைப் பாவிப்பார்கள், ஏனென்றால் நீளம் கூடக் கொள்ளும். கப்பலுக்குள் துருப்பிடித்த தகட்டின் விளிம்பு சவர அலகு மாதிரி இருக்கும். அதனால் ஒரு படி தடித்த கயிறு நல்லது. ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் அல்லது சற்றுக் கூட இருந்தால் விளிம்பில் உரசினாலும் தாக்குப்பிடிக்கும். இருட்டில் கையுறையோடு தடவும்போதும் தட்டுப்படும். நிறம் வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள் என்று பளிச்சென்று இருக்கட்டும். கறுப்பு வேண்டாம்.

மூன்று மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைப்பது நல்ல பழக்கம். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளலாம். கண் தெரியாத நேரத்தில் விரலால் எண்ணலாம்.

இப்போது கடையில் நின்று பார்க்கவேண்டிய சோதனைகளைச் சொல்கிறேன். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கடலில் போடும் அதே தடித்த கையுறையைக் கடைக்குக் கொண்டு போகவேண்டும். கையுறையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, றீலை அவிழ்த்துச் சுற்றிப் பார்க்கவேண்டும். கண்ணை மூடிச் செய்ய முடியாததைச் சேற்றுக்குள் செய்ய முடியாது.

இரண்டு, கயிறு தளர்ந்தால் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். ஊரில் தைப்பொங்கல் காலத்தில் பட்டம் விட்டவர்களுக்கு இது விளங்கும். பால் ரின்னில் சுற்றிய நூல் ஒரு பக்கமாகத் தளர்ந்தால் எப்படிச் சிக்கும்! றீலில் சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி கயிற்றின் தடிப்பை விடப் பெரிதென்றால், தளர்ந்த கயிறு அதற்குள் புகுந்து இறுகிவிடும். தண்ணீருக்குள் அதை எடுப்பது லேசில்லை. திறந்த சட்டமுள்ள றீல் என்றால் சிக்கு எங்கே என்று கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும், எடுத்தும் விடலாம். மூடிய பெட்டி மாதிரி உள்ளவற்றில் கை போகாது.

மூன்று, கயிறு விளிம்பு மட்டும் நிரம்பி இருக்கக்கூடாது. நனைந்த கயிறு தடிக்கும். கையுறையோடு சுற்றும்போது முதலில் இருந்த மாதிரி ஒழுங்காகவும் வராது. விளிம்புக்கு உள்ளே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கவேண்டும். 60 மீற்றர் பிடிக்கிற றீலில் 45 மீற்றர் சுற்றி வைப்பது புத்தி.

நான்கு, பூட்டுகிற திருகாணி. தற்செயலாகத் தட்டுப்பட்டுக் கழன்று விழுமா என்று பார்க்கவேண்டும். திருகாணி கழன்றால் சில்லும் கழரும் வகை றீல்கள் இருக்கின்றன. அவை வேண்டாம்.

ஐந்து, கிளிப். உள்ளே தள்ளினால் தானாகத் திறக்கிற கதவுள்ள கிளிப் கப்பலுக்குள் ஆபத்து. எங்காவது கிடக்கும் பழைய மீன்வலை, தூண்டில் நூல் எல்லாம் தானாகப் போய் அதற்குள் மாட்டிக்கொள்ளும். விரலால் இழுத்துத் திறக்கிற கிளிப்தான் வேண்டும். அதுவும் கறள் பிடிக்காத உருக்கில்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் முதலாவதாக வருவது எது தெரியுமா? இருபது பவுண்ஸ் ஸ்பூல். அதில் கழரவோ இறுகவோ எதுவும் இல்லை. சுற்ற நேரம் கூட எடுக்கும், கை உளையும், அது உண்மை. ஆனால் 16 மீற்றருக்கு அந்தச் சிரமம் பெரிதல்ல.

இதை நான் புத்தகத்தில் மாத்திரம் படித்துச் சொல்லவில்லை. மகள் பழகப் போய், அவளைக் கூட்டிக்கொண்டு போய், கரையில் குளிரில் நின்று அலுத்து, கடைசியில் நானும் நாற்பத்தேழு வயதில் பழகினேன். என் முதல் றீலை மலிவாக, யாரோ பாவித்ததை, பெட்டி மாதிரி மூடிய வகையில் வாங்கினேன். கயிறு விளிம்பு மட்டும் நிறைந்திருந்தது. நீளம் கூட என்று சந்தோசப்பட்டேன். மத்திய இங்கிலாந்தில் தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கற்குழியில், 18 மீற்றர் ஆழத்தில், மிதவைப் பைக்குக் காற்றுப் பிடித்து மேலே விட்டேன். பை பட்டம் ஏறுகிற மாதிரி ஏறியது. நாலைந்து மீற்றர் ஓடிய கயிறு அப்படியே இறுகி நின்றது. நான் செய்த பிழை, றீலை என் இடுப்பு வளையத்தில் கொழுவி வைத்திருந்தது. பை என்னையும் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கியது.

வேகமாக மேலே போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும், இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகும். எல்லாம் தெரியும். ஆனால் கை கிளிப்பைத் தேடுகிறது, கிளிப் கிடைக்கவில்லை. என் மகள்தான் பின்னால் வந்து கத்தரியால் கயிற்றை அறுத்தாள். கரைக்கு வந்து இருவரும் தேத்தண்ணி குடிக்கும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் இருந்த கோப்பை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு நான் மிதவை விடும்போது றீலை உடம்பில் கொழுவுவதே இல்லை. இறுகினால் கையை விட்டுவிடவேண்டும். றீல் போனால் போகட்டும்.

இதிலிருந்து இன்னொரு விசயம் வருகிறது. கப்பலுக்குள் போகிறவருக்கு இரண்டு வேலை இருக்கிறது. உள்ளே போய் வெளியே வர ஒரு கயிறு. பிறகு, படகுக்காரர் எங்களைக் காண மிதவை விட்டு மேலே ஏற ஒரு கயிறு. ஒரே றீல் இரண்டுக்கும் போதும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே ஏதாவது நடந்து கயிற்றைக் கைவிட்டு வரவேண்டி வந்தால், மேலே போக என்ன இருக்கும்? ஒரே காசை இரண்டு கணக்கில் காட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். கடைசியில் இரண்டு கணக்கும் பொய்யாகிவிடும். 30 மீற்றர் ஸ்பூல் ஒன்று உள்ளே போக. 45 மீற்றரில் இன்னொன்று மிதவைக்கு. நீரோட்டத்தில் கயிறு சாய்ந்து போகும் என்பதால் மிதவைக் கயிறு ஆழத்தை விட நன்றாகவே கூட இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தும் அந்த நூற்றெண்பதில் பாதி வராது.

மிச்சக் காசை என்ன செய்வது? முதலில், வெட்டுகிற சாமான் இரண்டு. ஒன்று கத்தரி, ஒன்று சிறிய கயிறறுக்கும் அலகு, இரண்டு கையாலும் எட்டக்கூடிய இரண்டு இடங்களில். வழி காட்டுகிற கயிறே காலைக் கட்டவும் கூடும். பிறகு, நல்ல பயிற்சி. 1953ஆம் ஆண்டு தொடங்கிய பிரித்தானிய சப்-அக்குவா கழகத்தின் கிளைகள் நாடு முழுவதும் இருக்கின்றன. அங்கே அனுபவமுள்ள ஒருவரோடு போய்ப் பழகுவது, எந்த விலை கூடிய றீலையும் விடப் பெறுமதி.

பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்? கப்பலுக்கு வெளியே, திறந்த தண்ணீரில் முதல் கட்டு. வாசலுக்குச் சற்று உள்ளே இரண்டாவது கட்டு. ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கும். கயிற்றைத் தளரவிடாமல் இழுத்தபடியே போகவேண்டும். கூரான விளிம்பில் படாமல் இடையிடையே ஒரு சுற்று. றீல் பிடிப்பவர் முதலில் உள்ளே போவார், கடைசியாக வெளியே வருவார். கண் தெரியாவிட்டால் பெருவிரலும் சுட்டுவிரலும் வளையமாகச் சேர்ந்து கயிற்றைச் சுற்றியிருக்க, இழுக்காமல், விடாமல் நகரவேண்டும்.

இதைப் பழகக் கடல் தேவையில்லை. என் மகளும் நானும் வீட்டுத் தோட்டத்தில்தான் முதலில் பழகினோம். உடுப்புக் காயப்போடும் கம்பத்திலிருந்து மதில், மதிலிலிருந்து கொட்டில் என்று கயிறு கட்டி, முகக் கண்ணாடிக்குக் கறுப்புத் துணி ஒட்டி, தடவித் தடவி வருவோம். பக்கத்து வீட்டு மனிதர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தலையை இழுத்துக்கொண்டார். இருபது தரம் செய்த பிறகுதான் கை தானாக வேலை செய்யத் தொடங்கியது.

பராமரிப்பு சின்ன வேலை. கடலில் பாவித்த அன்றே கயிறு முழுவதையும் அவிழ்த்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, ஒரே இறுக்கத்தில் திரும்பச் சுற்றவேண்டும். சுற்றும்போது விரலுக்கு இடையில் ஓடவிட்டால், எங்கே உரசிப் பிசிறு எழும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிசிறு கண்டால் கயிற்றை மாற்றவேண்டும். கயிறு சில பவுண்ஸ்தான். பாவித்த றீல் வாங்குவதில் பிழையில்லை, ஆனால் பாவித்த கயிறு வேண்டாம்.

கடைசியாக, ஹேர்மிஸ். பிள்ளைகள் மட்டக்களப்பு என்றதும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். பொழுதுபோக்குச் சுழியோடலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 40 மீற்றர். ஹேர்மிஸ் அதற்கும் கீழே. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றே மயக்கம் தரும். திரும்பும்போது இடையில் தரித்துத் தரித்து ஏறவேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சியும் வேறு வாயுக் கலவையும் இருக்கின்றன. இல்லாதவருக்கு எந்த றீலும் உதவாது. இன்னொன்று, அது 307 பேர் இறந்த கப்பல். எங்களுடைய கல்லறைகள் உடைக்கப்பட்டபோது எங்களுக்கு எப்படி இருந்தது என்று நாங்கள் மறக்கவில்லை. மற்றவர்களின் கல்லறைக்குள் நாங்கள் கயிறு கட்டிக்கொண்டு நுழையத் தேவையில்லை. தகுதி வந்த பிறகு போனாலும், வெளியே நின்று பார்த்து, எதையும் தொடாமல் எடுக்காமல் வரவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிரித்தானியக் கடலிலும் மூழ்கிய கப்பலிலிருந்து எதையாவது எடுத்தால் 28 நாட்களுக்குள் அதற்கான அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

அந்தத் தாயைப் போன கிழமை திரும்பவும் கண்டேன். "வாங்கிக் குடுங்கோ தங்கச்சி. ஆனால் அந்தப் பெரிசு வேண்டாம், சின்னன் ரெண்டு வாங்கச் சொல்லுங்கோ. ஓகஸ்ற்றுக்கு முதல் உங்கட தோட்டத்திலை கண்ணைக் கட்டிக்கொண்டு பழகிக் காட்டச் சொல்லுங்கோ" என்றேன். "நான் நிண்டு பாக்கலாமோ?" என்று கேட்டார். "பாக்கிறது மாத்திரமில்லை, கயிற்றின்ரை மற்றத் தலைப்பை நீங்களே பிடியுங்கோ" என்று சொன்னேன். சிரித்தார். அன்றைக்கு நிலையத்தடியில் பார்த்த முகம் மாதிரி இருக்கவில்லை.

நேயர்களே, பிள்ளை கடலுக்குப் போவதை எங்களால் தடுக்க முடியாமல் இருக்கலாம். அவன் கையில் எந்தக் கயிறு இருக்கிறது, அதைப் பாவிக்கத் தெரியுமா என்று கேட்க முடியும். கேட்டுப் பாருங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் வழக்கமான வரிக் கணக்கோடு சந்திக்கும் வரை, உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.